வாசனைக்கும் வரவு செலவு உண்டு

(மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிஞர் என்று அறிமுகப்படுத்தினார்கள். பகலில் நான் வங்கி எழுத்தர். இன்றைக்கு எழுத்தராகத்தான் பேசப் போகிறேன்.

எங்கள் கிளையில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவின் மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு மெழுகுவர்த்தி கொடுத்தான். கண்ணாடிக் குவளை, மேலே இறகுப் படம். 'கையால் செய்தது, தொல்குடிகளின் புனிதச் செடிகளால் உந்துதல் பெற்றது' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. ஏற்றினேன். நல்ல வாசனைதான், பொய் சொல்லல. ஆனால் எந்தத் தொல்குடி, யாருடைய கை? லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது மட்டும் இல்லை.

நம் பாடப் புத்தகங்கள் 'செவ்விந்தியர்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்ட மக்கள் நூற்றுக்கணக்கான தனித்தனி இனத்தவர். அவர்களில் அனிஷினாபே மக்களுக்குப் புகையிலை, ஸ்வீட்கிராஸ் என்ற நறுமணப் புல், சேஜ் செடி, சீடர் மர இலை நான்கும் புனித மருந்துகள். பறிக்கும்முன் மண்ணில் புகையிலை வைத்து நன்றி சொல்வார்கள். அது அவர்கள் வழிபாடு.

அந்த வழிபாட்டை என்ன செய்தார்கள்? 1883இல் அமெரிக்க அரசு 'இந்தியக் குற்றங்கள்' என்று ஒரு விதித் தொகுப்பே கொண்டுவந்தது. சடங்கு நடனம் ஆடினால் ரேஷன் நிறுத்தம். மருத்துவப் பூசாரிகளுக்குச் சிறை. கனடாவில் 1884இல் போட்லாட்ச் விழாவைத் தடை செய்து சட்டம் போட்டார்கள். 1951 வரை அது புத்தகத்தில் இருந்தது. அமெரிக்காவில் இவர்களுடைய சமயச் சுதந்திரத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது 1978இல். தாத்தா செய்தால் குற்றம். கடைக்காரன் விற்றால் நறுமணம். இதுதான் விஷயம்.

1990இல் இன்னொரு சட்டம். தொல்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்றால் 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. நல்ல சட்டம். ஆனால் 'உந்துதல் பெற்றது' என்று போட்டால் அதில் எளிதில் சிக்காது. இன்னொருவர் கையெழுத்தைப் பார்த்து 'உந்துதல்' பெற்று செக்கில் போட்டால் எங்கள் கவுண்டரில் அதற்குப் பெயர் போர்ஜரி!

சரி, செடிக்கு என்ன ஆச்சு? வெண்சேஜ் தென் கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோ நிலத்திலும்தான் இயற்கையாக வளர்கிறது. கட்டுக்கட்டாகச் சந்தைக்கு வருவதில் பெரும் பகுதி காட்டில் பறித்தது. 2018இல் நார்த் எடிவாண்டா காப்பு நிலத்தில் ஏறக்குறைய 400 பவுண்டு சேஜோடு நான்கு பேர் பிடிபட்டார்கள். பறிக்கிறவன் கூலிக்காரன், லாபம் வேறு இடத்தில். மெழுகுவர்த்திகள் பலவற்றில் செடியே கிடையாது, ஆலை வாசனை எண்ணெய்தான். அங்கே திருடு போவது பெயர்.

'அப்படின்னா யாருமே தொடக்கூடாதா?' என்று கேட்கலாம். இல்லை. பொட்டவாட்டமி இனத்தைச் சேர்ந்த தாவரவியலாளர் ராபின் வால் கிம்மரர் 2013இல் எழுதிய நூலில் ஒரு ஆய்வைச் சொல்கிறார். முறையோடு அறுத்த இடத்தில் ஸ்வீட்கிராஸ் தழைத்தது. யாரும் தொடாமல் விட்ட இடத்தில் குறைந்தது. உறவு இருக்கிற கை வேறு, கொள்ளையடிக்கிற கை வேறு. தொல்குடியினரே மெழுகுவர்த்தி செய்து விற்கிறார்கள். புனிதச் செடியை விற்கலாமா என்ற வாதம் அவர்களுக்குள்ளேயே நடக்கிறது. முடிவு அவர்களுடையது. 1993இல் லக்கோட்டா மக்கள் தங்கள் சடங்குகளை வணிகமாக்குவோருக்கு எதிராகப் போர்ப் பிரகடனமே செய்தார்கள்.

அவர்கள் வரலாறு வேறு, நம் வரலாறு வேறு. இரண்டையும் குழப்ப வேண்டாம். ஆனாலும் தோல் நாற்றம் என்று நம்மைத் தள்ளி வைத்தவன், பறையை மேடையில் ரசித்துவிட்டு அடித்தவனைத் திண்ணைக்கு வெளியே நிறுத்துவதை நாம் பார்த்திருக்கிறோம். அதனால்தான் அந்த லேபிள் எனக்கு உறுத்தியது.

மெழுகுவர்த்தியை நான் தூக்கி எறியவில்லை. அந்தப் பையன் அன்பாகக் கொடுத்தது. கரண்ட் போனால் ஏற்றுகிறேன். உங்கள் கல்லூரியில் கைவினைக் கண்காட்சி வரும்போது மூன்றே கேள்வி கேளுங்கள்: செய்தது யார்? பொருள் எங்கிருந்து வந்தது? காசு யாருக்குப் போகுது? பதில் வரவில்லையென்றால் பர்சை மூடுங்கள்.

இனி நீங்கள் பேசுங்கள்.