கேட்டும் கிடைக்காதபோது

(நாராயணீய தினப் பாராயணத்தில், நூறாவது தசகத்துக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)

 

விடியற்காலையில் உட்கார்ந்து 99 தசகம் முடித்திருக்கிறோம். எல்லோருக்கும் தொண்டை கட்டியிருக்கும், காலும் மரத்திருக்கும். நூறாவதை ஆரம்பிப்பதற்குள் பத்து நிமிஷம் நீங்கள் ஏதாவது சொல்லுங்கள் என்று செக்ரட்டரி மாமா சொல்லிவிட்டார். நான் பிரவசனம் செய்கிறவள் இல்லை. மும்பைக்கு வந்த நாளாக வாரம் ஒருநாள் இந்தப் புத்தகத்தைப் படித்து வருகிறவள். அந்தப் பழக்கத்தில் தோன்றியதைச் சொல்கிறேன்.

மேல்பத்தூர் நாராயண பட்டத்திரியின் கதை உங்களுக்குத் தெரியும். வாத நோயால் அங்கம் முடங்கி, குருவாயூர் சன்னிதியில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒரு தசகமாக நூறு நாள் பாடினார் என்பது வழிவழியாக வரும் சரித்திரம். காவியத்தின் கடைசிச் சொல்லை கடபயாதி முறைப்படி எண்ணாக்கினால் 1712210 வரும். அது கலி தினக் கணக்கு. நம் கணக்கில் 1586ஆம் வருஷம், கார்த்திகை 28. அதனால்தான் வருஷா வருஷம் இந்த நாளில் கூடுகிறோம்.

இன்று படிக்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலான தசகங்களின் கடைசி சுலோகத்தில் அதே விண்ணப்பம்தான்: என் நோயைத் தீர், என் வேதனையைப் போக்கு. மத்ஸ்யாவதாரம் சொல்லி முடித்தாலும் அதுதான், கோவர்த்தனம் சொல்லி முடித்தாலும் அதுதான். அவ்வளவு பெரிய வையாகரணர், 'ப்ரக்ரியா ஸர்வஸ்வம்' எழுதியவர், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சப்படவேயில்லை. நமக்கு நூறு நாள் என்பது ஒரு கணக்கு. அவருக்கு நாற்பதாம் நாள் ராத்திரி எப்படி இருந்திருக்கும்? அன்றைக்கும் கேட்டாயிற்று, அன்றைக்கும் தீரவில்லை. மறுநாள் காலையில் மறுபடி சன்னிதி, மறுபடி பத்து சுலோகம்.

பகவானிடம் எதையும் கேட்கக்கூடாது, கேட்பது மட்டமான பக்தி என்று சிலர் சொல்வார்கள். கீதையில் ஏழாவது அத்தியாயத்தில் தன்னை பஜிப்பவர்கள் நாலு விதம் என்கிறான் கிருஷ்ணன். அதில் முதலில் சொல்வது ஆர்த்தனைத்தான், கஷ்டத்தில் அழுகிறவனை. ஞானியைத் தன் ஆத்மா என்று உயர்த்திச் சொன்னாலும், நாலு பேருமே நல்லவர்கள்தான் என்று சொல்லிவிடுகிறான். ஆகையால் கேட்பதில் தப்பில்லை. கேட்டும் கிடைக்காதபோது என்ன செய்வது என்பதுதான் சங்கடம்.

நம் பாராயணக் குழுவில் ஒருவர், பெயர் வேண்டாம், கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது 48 நாள் விடாமல் படித்தார். அவர் பிழைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் என்னிடம், "மாமி, பட்டத்திரிக்குத் தீர்ந்துது. எனக்கு ஏன் தீரலை? என் பக்தியிலே என்ன குறை?" என்று கேட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவருக்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் பூர்வ ஜன்ம கர்மா என்றாராம். இன்னொருவர் உச்சரிப்பில் பிழை இருந்திருக்கும் என்றாராம்! எனக்குக் கோபம் வந்தது. கர்மா என்பது சாஸ்திரம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் கர்மாவை நாம் நினைத்துக்கொள்வது வேறு, அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று அவர்கள் கர்மாவைப் படித்துக் காட்டுவது வேறு.

அவருக்கு நான் பூந்தானத்தின் கதையைச் சொன்னேன். பூந்தானம் நம்பூதிரி பட்டத்திரியின் காலத்தவர், குருவாயூரப்பனே கதி என்று இருந்தவர். கல்யாணமாகி வெகு காலம் குழந்தையில்லாமல், பிரார்த்தித்துப் பெற்ற பிள்ளை. அன்னப்ராசனத்தன்று, உறவினரெல்லாம் கூடியிருந்த வீட்டில், அந்தக் குழந்தை தவறிவிட்டது என்கிறார்கள். அந்த துக்கத்திலிருந்து வந்தது 'ஞானப்பான'. மலையாள தேசத்தில் இன்றும் வீட்டுக்கு வீடு படிக்கிறார்கள்.

இவர் தன் கவிதையைப் பார்த்துத் திருத்தித் தரும்படி பட்டத்திரியிடம் கேட்டாராம். மலையாளத்தில் எழுதியதைப் பார்க்க எனக்கு நேரமில்லை என்று அவர் அனுப்பிவிட்டார். அன்று இரவு பட்டத்திரிக்கு நோய் மறுபடி அதிகமாகி, உன் விபக்தியைவிட பூந்தானத்தின் பக்தி எனக்குப் பிரியம் என்று பகவானே சொன்னான் என்பது குருவாயூரில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. விபக்தி என்றால் வேற்றுமை உருபு, இலக்கணப் புலமை.

இந்தக் கதையை வித்யா கர்வத்துக்கு உதாரணமாகத்தான் எல்லோரும் சொல்கிறோம். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. ஒரே சன்னிதி, ஒரே காலம், இரண்டு பக்தர்கள். ஒருவருக்குக் கேட்டது கிடைத்தது, இன்னொருவருக்கு மடியில் இருந்ததும் போயிற்று. பகவான் யார் பக்தி உசத்தி என்றான்? குழந்தையைப் பறிகொடுத்தவருடையதை. அப்படியிருக்க, கேட்டது கிடைக்காதவரைப் பார்த்து உன் பக்தி போதவில்லை என்று சொல்ல நாம் யார்?

பூந்தானம் சந்தானகோபாலக் கதையையும் பானையாகப் பாடியிருக்கிறார். துவாரகையில் ஒரு பிராமணனுக்குப் பிறந்த குழந்தைகளெல்லாம் போய்விட, கிருஷ்ணன் அர்ஜுனனை அழைத்துப் போய் அத்தனை பேரையும் மீட்டுக் கொடுத்த கதை. பாகவதத்தில் பத்தாம் ஸ்கந்தத்தில் வருகிறது. தன் ஒரு பிள்ளை திரும்பாத மனிதர், இன்னொருவனுக்கு எல்லாப் பிள்ளைகளும் திரும்பியதைப் பாடியிருக்கிறார். அந்தக் கை எப்படி எழுதியது என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

பாரதத்தில் மட்டும் என்ன? உத்தரையின் கர்ப்பத்தில் இருந்த பரீக்ஷித்தைக் கிருஷ்ணன் காப்பாற்றினான். அவன் அப்பா அபிமன்யு, கிருஷ்ணனின் சொந்தத் தங்கை பிள்ளை, சக்ர வியூகத்தில் மாண்டான். சுபத்ரை அண்ணாவைக் கேட்காமலா இருந்திருப்பாள்?

ஏன் அப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அதற்குக் காரணம் கண்டுபிடித்துச் சொல்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

என் பெரிய பிள்ளையை நீங்கள் அறிவீர்கள். அதோ, கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். வயது 41. பேச்சு கிடையாது. ஆட்டிசம் என்ற பெயரே எங்கள் காதில் விழ வருஷங்கள் ஆயின. அவன் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று குருவாயூரில் கதலிப்பழத்தால் துலாபாரம் கொடுத்தோம், கூத்தனூர் சரஸ்வதியிடம் போனோம். 'அம்மா' என்றுகூட வரவில்லை. நான் படிக்கும்போது பக்கத்தில் வந்து உட்காருவான். புத்தகத்தை மூடியவுடன் பாயச டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். இதில் ஏதோ தத்துவம் இருப்பதாக நினைக்காதீர்கள். அவனுக்குப் பாயசம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அவன் பேச வேண்டும் என்று கேட்பதை நான் நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. சலித்துப்போய் நிறுத்தவில்லை. அதைவிட அவசரமான விண்ணப்பம் வந்துவிட்டது. எனக்குப் பிறகு அவனுக்கு யார்? இந்தக் கவலை இங்கே இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் உண்டு. அவர்களுக்காக ஒரு தகவல். 1999ஆம் வருஷத்து நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, 18 வயது தாண்டிய இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சட்டப்பூர்வமான கார்டியன் நியமிக்கலாம். கலெக்டர் தலைமையில் அதற்கென்று ஒரு கமிட்டி உண்டு. தெரியாதவர்கள் அப்புறம் என்னிடம் கேளுங்கள். என் தம்பி பெண் சம்மதித்திருக்கிறாள். மனு போட்டாயிற்று. குருவாயூரப்பனிடமும் தினம் சாயங்காலம் போடுகிறேன். இரண்டு இடத்திலிருந்தும் இன்னும் பதில் இல்லை.

நூறாவது தசகத்தில் பட்டத்திரி, முன்னால் தெரியும் ரூபத்தைக் கேசம் முதல் பாதம் வரை பார்த்துப் பார்த்துச் சொல்கிறார். வேகமாகப் படிக்காதீர்கள். புத்தகம் இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பிக்கலாமா?