சுவரிலிருந்து கூப்பிடும் கல்



நாம் சேர்ந்து படிக்க எடுத்திருக்கும் புத்தகம் மிகச் சிறியது. மூன்றே அதிகாரம், 56 வசனம். எழுதியவர் இறைவாக்கினர் அபக்கூக்கு. பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் அவர் பெயர் ஆபகூக். எருசலேம் பாபிலோனியர் கையில் விழுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், இன்றைக்குச் சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன், யூதேயாவில் வாழ்ந்தவர். மற்ற இறைவாக்கினர்கள் கடவுள் சொன்னதை மக்களிடம் கொண்டுவந்தார்கள். இவர் மக்கள் பட்ட பாட்டைக் கடவுளிடம் கொண்டுபோனார். கொடுமை என்று கதறுகிறேனே, இன்னும் எத்தனை நாள் கேளாமல் இருப்பீர் என்று நேருக்கு நேர் கேட்டார். சட்டம் செயலற்றுக் கிடக்கிறது, தீர்ப்பு கோணலாகிவிட்டது, கெட்டவன் நல்லவனை வளைத்துக்கொண்டான் என்று முறையிட்டார். முறையிட்டதோடு வீட்டுக்குப் போகவில்லை. காவல் கோபுரத்தில் ஏறி நின்று, பதில் வரட்டும் என்று காத்திருந்தார்.

இந்த 56 வசனத்தில் நம் பிரசங்க மேடைகளுக்குத் தெரிந்தது எத்தனை? ஒன்று. நேர்மையாளரின் வாழ்வு நம்பிக்கையில் நிலைக்கும் என்று சொல்லும் அந்த ஒரே வசனம். அதைத் தனியே வெட்டி எடுத்து, காலண்டரில் அச்சடித்து, ஏழையின் கையில் கொடுக்கிறார்கள். நம்பிக்கையோடு இரு, பொறுத்துக்கொள், மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். நான் கேட்கிறேன்: அந்த வசனம் எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது? நீதி எங்கே என்று கேட்டவனுக்கு வந்த பதில் அது! கேள்வியைப் புதைத்துவிட்டுப் பதிலை மட்டும் ஊருக்கு ஊர் விற்பது என்ன நியாயம்?

பதில் அந்த வசனத்தோடு முடியவும் இல்லை. அதைத் தொடர்ந்து ஐந்து சாபங்கள் வருகின்றன. பிறர் பொருளைக் குவிப்பவனுக்கு ஒன்று. அநியாய வருமானத்தில் உயரத்தில் கூடு கட்டுபவனுக்கு ஒன்று. இரத்தம் சிந்தி நகரம் எழுப்புபவனுக்கு ஒன்று. அடுத்தவனைக் குடிக்கவைத்து அவமானப்படுத்துபவனுக்கு ஒன்று. ஊமைச் சிலையை எழுந்திரு என்பவனுக்கு ஒன்று. இரண்டாவது சாபத்துக்குள் ஒரு காட்சி இருக்கிறது. அநியாயக்காரன் கட்டிய வீட்டில், சுவரிலிருக்கும் கல் கூக்குரலிடுகிறது. கூரையிலிருக்கும் மரம் அதற்கு எதிர்க்குரல் கொடுக்கிறது. சாட்சி சொல்ல ஆள் இல்லாத இடத்தில் கட்டடமே சாட்சி சொல்கிறது.

இதை மண்டகப்பட்டில் நின்று படிக்கிறோம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் இதே ஊரின் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் எடுத்தேன் என்று கல்வெட்டும் பொறித்தான். மகத்தான வேலை, நாம் எல்லோரும் பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் அந்தக் கல்வெட்டில் விசித்திரசித்தன் என்ற அரசனின் பட்டப்பெயர் இருக்கிறது, உளி பிடித்த ஒருவனின் பெயரும் இல்லை. அபக்கூக்கு அந்தக் கல்லிடம்தான் காது கொடுத்திருப்பார்.

சரி, நம் சுவர்களுக்கு வருவோம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுப்பிய சுவர், செத்துப்போன கிறிஸ்தவனைச் சாதி பார்த்துப் பிரித்தது. எறையூரில், நம் பழைய விழுப்புரம் மாவட்டத்திலேயே, ஒரே மாதாவை வணங்கும் பங்குக்குள் தனி வழி, தனி இடம், தனிக் கல்லறை. வேண்டாம், எங்களுக்குத் தனிப் பங்காவது கொடுங்கள் என்று தலித் மக்கள் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியுமுன், மழையில் ஒரு பெரிய வீட்டுச் சுற்றுச்சுவர் சரிந்து பக்கத்து வீடுகளில் தூங்கிய 17 தலித் மக்களைக் கொன்றது. அது தீண்டாமைச் சுவர் என்று அந்த மக்கள் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கல் கூப்பிடும் என்பது வெறும் உவமை என்று இனி யாராவது எனக்கு விளக்கம் சொல்ல வேண்டாம்.

“ஐயா, இதெல்லாம் சமூகப் பிரச்சினை, விசுவாசம் வேறு” என்பார்கள். பவுலடியாரைக் கேளுங்கள். அபக்கூக்கின் அந்த வசனத்தை அவர் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் எடுத்தாள்கிறார். அதற்குச் சற்று முன்னால் அங்கே என்ன நடக்கிறது? அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, தன் ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து விலகுகிறார். எல்லோர் முன்னிலையிலும் பவுல் அவரைக் கண்டிக்கிறார். பந்தி பிரித்த சண்டையில்தான் பவுல் இந்த வசனத்துக்கு வந்து சேர்கிறார்! யூத ரப்பிகளையும் கேளுங்கள். 613 கட்டளைகளைத் தாவீது 11 ஆக்கினார், எசாயா 6 ஆக்கினார், மீக்கா 3 ஆக்கினார், கடைசியில் அபக்கூக்கு ஒன்றாக்கினார் என்கிறது தல்மூது. அந்த 11-இல் வட்டி வாங்காமை இருக்கிறது, லஞ்சம் வாங்காமை இருக்கிறது. மீக்காவின் மூன்றில் முதலாவதே நீதி. இத்தனையும் ஒன்றாகத் திரண்டதுதான் அந்த நம்பிக்கை. நீதியைக் கழித்துவிட்டால் அதில் மிச்சம் என்ன?

டில்லியையும் விடமாட்டேன். 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதி உரிமை என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர் வெளியே நிற்கிறார். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இலேயே அந்த மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. அதற்காக 2004-இல் போட்ட வழக்கு 20 ஆண்டு கடந்தும் முடியாமல் இழுத்தது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் தலித் கிறிஸ்தவருக்கு அந்த உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. சட்டம் செயலற்றுக் கிடக்கிறது என்று அபக்கூக்கு சொன்னதற்கு வேறு விளக்கவுரை வேண்டுமா?

ஆனால் கோபத்தை முழுக்க டில்லிக்கே அனுப்பிவிட்டுத் தூங்கப் போகக்கூடாது. சர்க்கார் சொல்கிறது: உன் மதத்தில் சாதி இல்லை, உனக்குச் சலுகை கிடையாது. கோயில் சொல்கிறது: உன் சாதிக்கு இடம் அந்தப் பக்கம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே மனிதனை நெரிக்கிறார்கள். கோயிலுக்குள் சாதி கூடாது என்று 1833-இலேயே ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் ஆணையிட்டார். தஞ்சையில் எதிர்த்துக் கிளம்பினார்கள். கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையையே வெளியிட்டது. அறிக்கை அலமாரியில், சுவர் கல்லறையில்!

தரிசனத்தைப் பலகையில் தெளிவாக எழுது, ஓடுகிறவனும் படிக்கும்படி எழுது என்று அபக்கூக்குக்குக் கட்டளை வந்தது. நாமும் எழுதுவோம். இந்தப் படிப்பு முடிவதற்குள் ஒவ்வொரு ஊர்க் குழுவும் தன் பங்கில் எந்தக் கல்லறையில் சுவர், எந்தத் தெருவுக்குத் தேர் வராது, எந்தச் சாவுக்குக் கோயில் வண்டி கிடைக்காது என்று ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். ஊர்த்தெருக்காரரும் காலனிக்காரரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகல் பங்குத்தந்தைக்கு அல்லது போதகருக்கு, ஒரு நகல் ஆயருக்கு, ஒரு நகல் மாவட்ட ஆட்சியருக்கு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் பதில் கேளுங்கள். பதில் வராவிட்டால், அன்றைக்கு எல்லோரும் ஒரே வாசல் வழியாகக் கல்லறைக்குள் போவோம். நான் முன்னால் வருகிறேன்.