கொச்சியின் யூதத் தெரு

தங்கவயலில் கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் நான்காவதாக யூதர்களின் ஜெப ஆலயமும் உண்டு. 1568-இல் கட்டியது. கொச்சி அரசர் தந்த இடம். அரண்மனைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே!

1948-இல் இஸ்ரேல் நாடு பிறந்தது. யூதர்கள் பலர் அங்கே போய்விட்டார்கள். சாரா கோஹன் போகவில்லை. தெருவிலேயே பூத்தையல் கடை வைத்திருந்தார்.

அந்தத் தெருவில் அஞ்சலட்டை விற்ற முஸ்லிம் சிறுவன் தாகா இப்ராகிம். சரக்கு வைக்க இடமில்லை. சாராவும் கணவர் ஜேக்கப்பும் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தார்கள். சாகும் முன் ஜேக்கப், “சாராவைப் பார்த்துக்கொள்” என்று தாகாவிடம் கேட்டுக்கொண்டார். பெற்ற பிள்ளை இல்லாத வீடு அது. தாகா பார்த்துக்கொண்டார், ஓரிரு மாதமல்ல, பல ஆண்டுகள். கடையையும் அவரே கவனித்தார். சாரா 2019-இல், 96 வயதில் காலமானார். அதன் பிறகும் அந்தக் கடைக் கதவைத் தாகா சாத்தவில்லை.