ஊர் காட்டும் உத்தியோகம்



திருவனந்தபுரத்தில் குடியிருப்பவனுக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று தானாகவே வந்து சேரும். அதுதான் ஊர் காட்டும் உத்தியோகம். கோடை விடுமுறை விட்டதும் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் செய்தி வரும். "சும்மா உங்களைப் பார்த்துவிட்டுப் போகத்தான்" என்பார்கள். வந்து காப்பி அருந்தி முடிப்பதற்குள், "கோவளம் எவ்வளவு தூரம்?" என்று கேட்பார்கள்.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பதினாறு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். இவ்வூரைப் பற்றி நான் சொல்லும் வாக்கியங்கள் எனக்கே மனப்பாடமாகிவிட்டன. பத்மநாப சுவாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு செல்லவேண்டும். பள்ளிகொண்ட பெருமானை மூன்று வாயில்கள் வழியாகத் தரிசிக்கவேண்டும். ஒரு வாயிலில் திருமுகம், அடுத்ததில் நாபிக் கமலம், மூன்றாவதில் திருவடி. 1750ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டையே இப்பெருமானுக்கு அர்ப்பணித்தார். 1880இல் எழுந்த நேப்பியர் காட்சிச்சாலையை அமைத்தவர், சென்னையில் சேனட் மாளிகையை அமைத்த அதே சிஷோம் துரை. திங்கட்கிழமையன்று காட்சிச்சாலைக்கும் மிருகக்காட்சிச் சாலைக்கும் விடுமுறை. நம் உறவினர் வந்து இறங்குவதோ பெரும்பாலும் அந்தத் திங்கட்கிழமையன்றுதான்!

சலிப்போடுதான் இதையெல்லாம் செய்துவந்தேன். அந்தச் சலிப்பு எனக்கு எதை இழக்கச் செய்தது என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

2018இல் என் தந்தையார் வந்திருந்தார். அவர் கிராமத்துப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே நாளில் ஊரைக் காட்டி முடித்துவிடுவது என்று நான் திட்டமிட்டிருந்தேன். கோயில் தரிசனம் முடிந்ததும் அருகிலுள்ள குதிரை மாளிகைக்குச் சென்றோம். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவை ஆதரித்த சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய மாளிகை அது. இறவாரத்தை ஒட்டி வரிசையாக மரக்குதிரைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அப்பா அண்ணாந்து நின்று ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். நாற்பதைத் தாண்டியிருப்பார்.

"மொத்தம் 122 அப்பா. வாருங்கள், நேரமாகிறது" என்றேன்.

"நீ சொன்னால் அது உன் கணக்கு. நான் எண்ணினால்தானே என் கணக்கு?" என்றார், ஆனாலும் எண்ணுவதை விட்டுவிட்டு என் பின்னே வந்தார்.

வெளியே, பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே, மேத்தன் மணி என்னும் பழைய கடிகாரம் இருக்கிறது. தாடிக்காரர் ஒருவரின் முகம். இரு பக்கமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணி அடிக்கும்போது கடாக்கள் அவர் கன்னங்களில் முட்டும். பதினொன்று அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. பார்த்துவிட்டுப் போகலாமே என்றார் அப்பா. "அடுத்த முறை பார்க்கலாம். ஊர் எங்கே ஓடிவிடப்போகிறது?" என்று சொல்லி வண்டியில் ஏற்றிவிட்டேன்.

பாளையம் வழியாகச் செல்லும்போது, "சுந்தரம் பிள்ளை வேலை பார்த்த கல்லூரி எது?" என்று கேட்டார். 1891இல் 'மனோன்மணீயம்' வெளியிட்ட பேராசிரியர் சுந்தரம் பிள்ளை, இங்கே மகாராஜா கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அதுவே இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரி. அந்த நாடகத்தின் பாயிரத்திலுள்ள தமிழ்த்தாய் வாழ்த்தைக் காலைதோறும் பிள்ளைகளைப் பாடவைத்தவர் என் தந்தையார். நானோ, "அதோ, அதுதான்" என்று ஓடுகிற வண்டியிலிருந்தே கையைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் கட்டடம் பின்னே போய்விட்டது.

அடுத்த ஆண்டு அப்பா காலமானார். ஊர் ஓடவில்லை, எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அலுவலகத்தில் ஒரு கோப்பை மொழிபெயர்க்கும்போது ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டாலும் என் மனம் பொறுக்காது. என் தந்தைக்கு ஊரைக் காட்டியபோதோ, அவர் விரும்பிக் கேட்ட மூன்றையும் விட்டுவிட்டு, அவர் கேளாதவற்றையெல்லாம் ஒப்பித்திருக்கிறேன்.

சென்ற விடுமுறையில் என் தங்கை தன் இரு பிள்ளைகளுடன் வந்தாள். இம்முறை நான் திட்டம் எதுவும் வகுக்கவில்லை. கல்லூரி வாயிலில் இறங்கிச் சற்று நேரம் நின்றோம். "நாங்கள் பள்ளியில் பாடுகிற பாட்டை எழுதியவரா, மாமா?" என்று பெரியவள் கேட்டாள். குதிரை மாளிகையில் இருவரும் எண்ணினார்கள். அவள் 119 என்றாள். தம்பி 124 என்றான். நான் வாய் திறக்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து எண்ணட்டும் என்று ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு கடிகாரத்தின் எதிரே போய் நின்றோம். பன்னிரண்டு அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நல்ல வெயில். தங்கை, "வேண்டுமானால் போய்விடலாம் அண்ணா" என்றாள். "இருக்கட்டும் அம்மா, பார்த்துவிட்டே போவோம்" என்றேன்.

பதினாறு ஆண்டுகளாக இவ்வூரில் இருந்தும், அந்தக் கடாக்கள் முட்டுவதை நானும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.