கோபாலகிருஷ்ண பாரதியாரும் நந்தனார் சரித்திரமும்



தில்லைக் கூத்தனை நினைக்கும்போதெல்லாம் திருநாளைப்போவார் நாயனாரும் உடன் நினைவுக்கு வருகின்றார். அவ்வடியாரின் வரலாற்றைப் பட்டிதொட்டியெங்கும் பாட்டாகப் பரப்பியவர் கோபாலகிருஷ்ண பாரதியார்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்த அவர், மாயூரத்திற்கு அருகில் உள்ள ஆனந்ததாண்டவபுரத்தில் நெடுநாள் வாழ்ந்தார். இல்லறம் மேற்கொள்ளவில்லை. கர்நாடக இசையோடு இந்துஸ்தானி இசையும் கற்றார். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளைத் தரிசித்தபோது, அங்கே கேட்ட ஆபோகி இராகத்தில் ‘சபாபதிக்கு’ என்னும் கீர்த்தனையை இயற்றினார் என்பர்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் பெருமான் 37 பாடல்களில் நாயனார் வரலாற்றைக் கூறுகின்றார். அங்கே பண்ணைக்குரிய வேதியர் என்றொரு பாத்திரம் இல்லை. தம் குலத்தை எண்ணி நாயனார் தாமே தயங்கி நிற்கின்றார். பாரதியாரோ அத்தடைக்கு ஒரு மனித உருவம் கொடுத்தார். சிதம்பரம் செல்ல விடை தராத வேதியர், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்த பின்பே செல்லலாம் என்கின்றார். தஞ்சை மண்ணின் பண்ணையாள் முறையைக் கண்ணாரக் கண்ட கவிஞரின் படைப்பு அது. அந்த வட்டாரத்து வயல்களை விட்டு, நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கடல் கடந்தோர் பலர். அவர்தம் வழித்தோன்றல்கள் வாழும் இந்நாட்டில் நந்தன் கதை வெறும் பழங்கதை அன்று.

நூலை அச்சிட முனைந்தபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் வேண்டினார் பாரதியார். இலக்கண வழுக்களைக் கண்ட பிள்ளையவர்கள் இணங்கவில்லை. பாரதியார் பலமுறை நடந்தார். ஒருநாள் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளைத் தமக்குள்ளே பாடலானார். உள்ளிருந்து கேட்ட புலவரின் நெஞ்சம் உருகியது, பாயிரம் கிடைத்தது. தில்லையின் எல்லையில் நின்ற நந்தனைப் பாடியவர், தாமும் ஒரு வாயிலில் காத்திருந்தே வென்றார். 1860களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த சிசே என்னும் பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவால் நூல் வெளிவந்தது.

பின்னாளில் பிள்ளையவர்களிடம் தமிழ் பயில மாயூரம் வந்த இளைஞர் உ.வே. சாமிநாதையர், பாரதியாரிடம் இசையும் கற்றார். இசை நாட்டம் தமிழ்க் கல்விக்கு இடையூறாகும் என்று ஆசிரியர் கருதியதால் அதனை நிறுத்தினார். ஆயினும் பாரதியாரின் வரலாற்றை எழுதி வைத்தவர் அவரே.

1935இல் கே.பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் திரைப்படங்களில் நந்தனாராக நடித்தனர். கதை மேலும் பல்லாயிரம் பேரைச் சென்றடைந்தது. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தினுள் ஒடுக்கப்பட்ட மக்கள் முதன்முதலாக நுழைந்தனர். அம்மாற்றத்திற்குப் போராடியவர்கள் பலர். அதற்கு நெஞ்சங்களைப் பண்படுத்தியவற்றுள் நந்தன் பாட்டுக்கும் பங்குண்டு.

நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே உள்ளே செல்கின்றார். அன்பே வடிவான அடியார்க்குத் தீ எதற்கு என்று நம் பிள்ளைகள் வினவக்கூடும். அவ்வினாவை அடக்காது அவர்களோடு அமர்ந்து சிந்திப்பது பெற்றோர் கடமை.

ஜாலான் புசார் என்றால் மலாய் மொழியில் ‘பெரிய சாலை’ என்று பொருள். சாலை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. வாயிலும் பெரிதாக இருத்தல் வேண்டும். திருவிழா நாளில் தயங்கி வெளியே நிற்கும் ஒருவரை ‘உள்ளே வாருங்கள்’ என்று அழைப்போமாயின், அதுவே பாரதியாருக்கு நாம் செலுத்தும் காணிக்கை.

திருச்சிற்றம்பலம்.