தகடூர் மனையும் ஔவையின் நகையும்



தகடூர் என்றதும் நெல்லிக்கனி நினைவுக்கு வரும். நெடுநாள் வாழச்செய்யும் கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியைத் தருமபுரி மாவட்டத்துச் சிறு பிள்ளைகளும் அறிவர். அவனது போர்த்திறனையும் மேடைகள் பேசித் தீர்த்துவிட்டன. பேசாது விட்ட ஒன்று உண்டு. அப்பெருவீரனை அளக்க ஔவையார் எடுத்த அளவுகோல்கள் பல வீட்டிலும் தெருவிலும் கிடைத்தவை. அவற்றுள் ஒரு புன்னகை ஒளிந்திருக்கிறது. (கோலூன்றிய பாட்டியாகப் படங்களில் காண்பவர் இவரல்லர், ஆத்திசூடி பாடிய ஔவை காலத்தால் மிகப் பிற்பட்டவர்.)

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்களாக அவர் கூறுவனவற்றுள் எள்ளலும் இளமையும் உண்டு. இரண்டிற்கும் தகடூர்ப் பாடல்களில் சான்று கிடைக்கிறது.

தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை, அவனது படைக்கலக் கொட்டிலைக் காண்கிறார் (புறம். 95). மயிற்பீலி, மாலை, நெய்ப்பூச்சு என இவை அழகாகவே இருக்கின்றன. எம் தலைவனுடைய வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். விருந்தினர்க்கென்று பெட்டிக்குள் உறங்கும் வெள்ளித் தட்டையும், நாள்தோறும் அடுப்பேறிக் கரிந்த களிப்பானையையும் ஒரே வீட்டில் கண்ட பெண்ணுக்கு இந்த எள்ளலை விளக்க வேண்டுவதில்லை.

மற்றொன்று மழலை பற்றியது (புறம். 92). குழந்தையின் பேச்சு யாழோடு பொருந்தாது, காலத்தோடும் ஒட்டாது, பொருளும் விளங்காது. ஆயினும் தந்தைக்கு அருள் சுரக்கும். அஞ்சியின் முன் தம் சொற்களும் அத்தகையனவே என்கிறார். தம் கவிதையைத் தாமே மழலை என்று சொல்ல, கேட்பவனிடம் எத்துணை உரிமை வேண்டும்! ஆனால் அதே அஞ்சி, பிறந்த மகனைக் காண வந்தபோது, போர்க்கோலம் கலையாமல் நிற்கிறான்; மகனை நோக்கியும் கண்ணின் சிவப்பு மாறவில்லை (புறம். 100). இவ்விரு பாடல்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். களத்திலிருந்து தொட்டில்வரை அவன் கடக்கவேண்டிய தொலைவு அப்போது புலப்படும்.

ஊர்ச் சிறுவர் தந்தத்தைக் கழுவ, நீர்த்துறையில் படிந்து கிடக்கும் யானையை ஓரிடத்தில் உவமை சொல்கிறார். வீட்டு இறைப்பில் செருகிய தீக்கடைகோலை வேறோரிடத்தில் சொல்கிறார் (புறம். 315). இருப்பதே தெரியாமல் இருக்கவும் வல்லான். பற்றி எரியவும் வல்லான். கூரை வீட்டு இறவாரத்தில் அரிவாளும் விளக்குமாறும் செருகிப் பழகியவர்க்கு அந்தக் கோல் கண்ணெதிரே தெரியும். தீப்பெட்டி வந்தபின் அது மறைந்தது.

தகடூர் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் வீழ்ந்தது. அஞ்சி மாய்ந்தபின் ஔவை பாடிய கையறுநிலையில் (புறம். 235) முதலில் வருவன வெற்றிகள் அல்ல. சிறிது கள் கிடைத்தால் எமக்கே தருவான்; மிகுதியாயின் யாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான். சிறு சோறாயினும் பல கலங்களில் பகிர்வான். இறைச்சி கிடைக்கும் இடமெல்லாம் எமக்கு. அம்பும் வேலும் பாயும் இடமெல்லாம் தனக்கு. நரந்தம் மணக்கும் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவுவான். தம் தலை நாற்றத்தையும் மறைக்காமல் சொல்லும் அக்குரலில், அழுகைக்கு நடுவிலும், பழைய நகையின் சாயல் இருக்கிறது. அதை அடுத்துத்தான், அவன் மார்பில் தைத்த வேல் பாணர்களின் உண்கலத்தையும் துளைத்துச் செல்கிறது.