பால்வாடியில் எல்லாப் பிள்ளைக்கும் இடம் உண்டு

(பிளவக்கலில் நடந்த குழுக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இனி நம்ம பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். மூணு வயசாகியும் பேச்சு வராத பிள்ளை, கை கால் வலுவில்லாத பிள்ளை, காது சரியாகக் கேட்காத பிள்ளை, ஓரிடத்தில் உட்காராத பிள்ளை நம்ம பக்கமும் இருக்கிறார்கள். இவர்களைப் பால்வாடிக்கு அனுப்ப நாம் தயங்குகிறோம். "மத்த பிள்ளைங்க கேலி பண்ணும்", "கொஞ்சம் தேறட்டும், அப்புறம் அனுப்பலாம்" என்கிறோம். நாம் தோப்பு வேலைக்குப் போனபிறகு அந்தப் பிள்ளை யாரோடு பேசும்? பேச ஆளில்லாமல் பேச்சு எப்படி வரும்? மூளை வேகமாக வளர்வது முதல் 6 வயசுக்குள்தான். தேறட்டும் என்று காத்திருக்கிற காலம் அதுதான்.

இதற்குத் தனி வகுப்பு தேடி அலைய வேண்டாம். பால்வாடியில் தினமும் நடக்கிற காரியங்களே பாடம்.

கை கழுவுவதை எடுத்துக்குவோம். கையை நனைக்கணும், சோப்புப் போடணும், தேய்க்கணும், அலசணும், துடைக்கணும். மெதுவாகக் கற்கிற பிள்ளைக்கு ஐந்தும் சேர்ந்தால் மலைப்பு. முதல் நாலையும் நாம் கை பிடித்துச் செய்துவிட்டு, துடைப்பதை மட்டும் அதனிடம் விடுவோம். அது பழகியபிறகு அலசி, துடைக்கட்டும். இப்படிக் கடைசியிலிருந்து பின்னால் வந்தால், ஒவ்வொரு தடவையும் வேலையை முடிப்பது பிள்ளைதான். அந்தச் சந்தோஷம் பெரிசு.

சாப்பாட்டு நேரம் இன்னும் நல்ல பாடம். பேச்சு வராத பிள்ளைக்குத் தட்டில் எல்லாத்தையும் போட்டுவிடாமல், "முட்டை வேணுமா, சாதம் வேணுமா?" என்று காட்டிக் கேட்கணும். கேட்டதும் நாமே பதில் சொல்லிவிடக் கூடாது (நமக்கு அந்தப் பழக்கம் உண்டு!). மனசுக்குள் பத்து வரை எண்ணணும். கை நீட்டினாலும் அது பதில்தான். "முட்டையா, இந்தா முட்டை" என்று கொடுக்கணும். பிடி வலுவில்லாத பிள்ளைக்கு ஸ்பூன் காம்பில் துணி சுற்றித் தடியாக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: விழுங்கச் சிரமப்படுகிற பிள்ளைக்குப் படுக்கவைத்து ஊட்டவே கூடாது, நிமிர்த்தி உட்காரவைக்கணும். ஓடிக்கொண்டே இருக்கிற பிள்ளையிடம் தட்டு எடுத்து வைக்கிற வேலையைக் கொடுங்கள். காது கேட்காத பிள்ளைக்கு முகத்துக்கு நேரே வந்து, சைகையோடு சொல்லுங்கள்.

நமக்குத் தெற்கே, தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் பணியாளர்கள் கிராமங்களுக்கே போய், சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். கூடவே தாய்மாருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம்மைப் போன்ற பெண்கள்தான் அதை வீட்டில் தினமும் தொடர்கிறார்கள்.

மத்திய அரசும் 2023 நவம்பர் 28-ல் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்றே அங்கன்வாடி நெறிமுறை வெளியிட்டது. ஆரம்ப அறிகுறியைக் கண்டுபிடிப்பது, மற்றவர்களோடு சேர்ப்பது, சிகிச்சைக்கு அனுப்புவது எல்லாம் அதில் இருக்கு. ஆகவே யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் டீச்சர் ஒருத்தர், உதவியாளர் ஒருத்தர் எத்தனை பிள்ளைகளைப் பார்ப்பார்கள்? குறை சொல்வது சுலபம். குழுவிலிருந்து முறை வைத்து ஒருத்தர் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு மணி நேரம் போய் உதவலாமே. டீச்சரிடம் பேசி, அடுத்த கூட்டத்திலேயே தீர்மான நோட்டில் எழுதிவிடுவோம்.

இன்னொன்று. 2013-ல் தொடங்கிய தேசியத் திட்டப்படி, மருத்துவக் குழு வருஷத்துக்கு 2 தடவை பால்வாடிக்கு வரணும். வருகிற தேதியை டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வீட்டில் இருக்கிற பிள்ளையையும் அன்றைக்குத் தூக்கிக்கொண்டு போகணும். அம்மாவுக்கு அன்று கூலி வேலை இருந்தால், குழுவில் ஒருத்தர் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளையைப் பற்றிய விவரத்தையும், பழைய மருந்துச் சீட்டையும் அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.